பல் சீரமைப்பும் மனச்சான்றும்

பற்களைப் பெரிதும் இழந்த நம் பங்குப் பெரியவர் ஒருவர், "சுவாமி, பேத்தியின் படிப்புப் பணத்தை என் வாய்க்குச் செலவழிக்கலாமா?" என்று நம்மிடம் கேட்டார்.

தாடையெலும்பில் டைட்டேனிய வேர்களைப் பதித்துப் பல் பொருத்தும் முறையை, 1965-இல் சுவீடன் அறிஞர் பிரோனமார்க் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். எலும்பு அவற்றைப் பற்றிக்கொள்ள மாதங்கள் பல ஆகும். கட்டுப்படாத நீரிழிவும் புகைப்பழக்கமும் அதற்குத் தடை. கழற்றி மாட்டும் பல்செட்டுக்குச் செலவு குறைவு. மெல்லும் வலுவும் குறைவே.

உடலைப் பேணுதல் கடமை. ஆயினும், தமக்கோ பிறர்க்கோ பெருஞ்சுமையாகும் சிகிச்சையை ஏற்கக் கட்டாயமில்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் விளக்கினார். எனவே பல்செட்டோடு நிறைவடைதல் குற்றமன்று. வசதியுள்ளோர் பல் பதித்துக்கொள்வதும் வீண்பெருமையன்று. சீழ்பிடித்த வேரை மட்டும் விட்டுவைத்தல் ஆகாது.

பெரியவருக்கு நாம் சொன்னது இதுவே: "வீட்டாரோடு அமர்ந்து பேசி முடிவெடுங்கள். வலியை மறைத்துக் கஞ்சி குடிப்பதைத் தியாகம் என்று எண்ணாதீர்கள்."