தர்மகர்த்தாவின் பற்றின்மை

சென்ற வாரம் நம் நெடுநாளைய நண்பர் ஒருவர் நம்மைக் காண வந்திருந்தார். தம் ஊர் வாசகசாலையின் காரியதரிசியாக 11 ஆண்டுகள் உழைத்தவர். இவ்வாண்டுத் தேர்தலில் இளைஞர் ஒருவரிடம் தோற்றுப்போனார். "இனி எனக்கு எதிலும் பற்றில்லை, கீதையை எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடப் போகிறேன்" என்றார். அவருடைய குரலைக் கேட்ட எவரும், அப்பதவியின்மீது அவருக்கிருந்த பற்று தேர்தலுக்குப் பின் பன்மடங்கு பெருகியிருப்பதை உணர்ந்திருப்பர்.

பற்றின்மை என்ற சொல்லுக்கு நம்மிடையே நேர்ந்திருக்கும் கதி இதுதான். தோற்றவன், சோம்பேறி, குடும்பப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவன் ஆகிய எல்லோரும் இழுத்துப் போர்த்திக்கொள்ளும் போர்வையாக அது ஆகிவிட்டது. கீதையோ, ஓடிப்போக எண்ணியவனைத் தடுத்து நிறுத்தச் சொல்லப்பட்டது. வில்லை எறிந்துவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த அர்ஜுனன், பிச்சை எடுத்து உண்பதே மேல் என்றுகூட வாதித்துப் பார்த்தான். கண்ணன் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

அப்படியானால், மனைவி மக்களோடும் தொழிலோடும் இருப்பவன் பற்றற்றிருப்பது எங்ஙனம்? இக்கேள்வியை ஏட்டோடு விடாமல் அன்றாட வாழ்வில் சோதித்துப் பார்த்தவர்களுள் காந்தியடிகள் முதல்வர். 1903-ஆம் ஆண்டையொட்டி ஜோகானஸ்பர்க்கில் வக்கீல் தொழில் நடத்திவந்தபோது, காலையில் பல் துலக்கும் 15 நிமிஷ நேரத்தில் அவர் கீதையை மனனம் செய்தார். சுலோகங்களைக் காகிதத் துண்டுகளில் எழுதி எதிரிலுள்ள சுவரில் ஒட்டிவைத்துக் கொள்வார். இவ்விதம் 13 அத்தியாயங்கள் மனப்பாடமாயின. ஆனால், உடைமை கொள்ளாமை என்று கீதை சொல்லுவது அவரை வாட்டியது. மனைவியும் மக்களும் உடைமைகள் அல்லவா? புத்தகம் நிறைந்த அலமாரிகள் உடைமைகள் அல்லவா? எல்லாவற்றையும் துறந்து வெளியேற வேண்டுமா?

இக்கேள்விக்கு விடை கிடைத்த இடந்தான் நம்போன்ற வக்கீல்களுக்குத் தனி மகிழ்ச்சி தருவது. ஆங்கிலச் சட்ட நூலான ஸ்நெல் என்பவரின் 'ஈக்விட்டி'யில், டிரஸ்டியைப் பற்றி மாணவப் பருவத்தில் படித்தது அவருக்கு அப்போது பொருள் விளங்கலாயிற்று. பெருஞ்செல்வம் கைவசம் இருந்தாலும் அதில் ஒரு காசையும் தனதென்று கருதாதவனே டிரஸ்டி. நம் மக்களுக்கு இதைச் சட்ட நூல் சொல்லித் தர வேண்டியதில்லை. கோயில் தர்மகர்த்தாவை நாம் அறிவோம். சுவாமி நகைகளின் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. நகைகளை அணியும் உரிமைதான் இல்லை.

இந்நாட்டில் 1882-இல் இயற்றப்பட்ட டிரஸ்ட் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் புலப்படும். விவேகமுள்ள ஒருவன் தன் சொத்தை எவ்வளவு கவனத்துடன் பேணுவானோ, அவ்வளவு கவனத்துடன் டிரஸ்டி அச்சொத்தைப் பேண வேண்டும். ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும். அதைக்கொண்டு சுயலாபம் தேடலாகாது. இவ்வளவும் செய்த பின்னரும் சொத்துக்கு நஷ்டம் நேர்ந்தால், அந்த நஷ்டத்துக்கு அவன் பொறுப்பாளியல்லன். முயற்சியில் அணுவளவும் குறை வைக்காதே, பலனை உன் தலைமேல் சுமக்காதே என்று குருக்ஷேத்திரத்தில் சொன்னதற்கும் இதற்கும் என்ன பேதம்?

ஆகவே பற்றற்றவனுடைய கணக்குப் புத்தகம் பற்றுள்ளவனுடையதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். 'அநாசக்தி யோகம்' என்ற பெயரில் காந்தியடிகள் குஜராத்தியில் செய்த கீதை மொழிபெயர்ப்பு 1930 மார்ச் 12-இல் வெளிவந்தது. அன்றுதான் அவர் தண்டிக்குப் புறப்பட்டார். அந்த யாத்திரையில் மார்ச் 29-ஆம் தேதி பட்காம் என்ற ஊரில் நடந்தது நினைவில் வைக்கத்தக்கது. தொண்டர்களுக்காகச் சூரத்திலிருந்து மோட்டார் லாரியில் பால் வந்ததையும், கூலியாள் ஒருவர் கனத்த விளக்கைத் தலையில் சுமந்து வந்ததையும் அறிந்து அவர் மனம் புழுங்கினார். ஊரார் முன்னிலையிலேயே தம்மையும் தம் தொண்டர்களையும் கடிந்துகொண்டார். சாம்ராஜ்யத்தை எதிர்த்து நடந்தவர் பால் செலவுக்கு வருந்தினார்.

ஆனால் அவர் செய்த எல்லாவற்றையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்லவில்லை. 1901-இல் நேட்டாலை விட்டுப் புறப்படும்போது அவருக்குப் பொன்னும் வைரமும் பரிசாக வந்தன. அவற்றுள் கஸ்தூரிபாவுக்கென்று 50 கினி பெறுமான தங்கச் சங்கிலியும் ஒன்று. இரவெல்லாம் உறக்கமின்றி உலாவிய அவர், எல்லாவற்றையும் பொதுச் சொத்தாக்கித் தர்ம பத்திரம் எழுதினார். கஸ்தூரிபா அழுதார், நாளை மருமக்கள் வருவார்களே என்றார், உங்களுக்காக இரவு பகலாக உழைத்த என் உழைப்புக்கு மதிப்பில்லையா என்று கேட்டார். அக்கேள்விக்குச் சரியான பதில் அன்று கிடைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. அவ்வாறே ஜோகானஸ்பர்க்கில் கீதையை ஆராய்ந்தபின், பம்பாயில் எடுத்திருந்த 10,000 ரூபாய் இன்ஷியூரன்ஸைக் கைவிட்டார். மிச்சமாகும் பணத்தைத் தமையனாருக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். தமையனார் பல்லாண்டு மனஸ்தாபம் கொண்டிருந்தார். மாதச் சம்பளக் குடும்பஸ்தன் ஒருவன் அவரைப்போல் பிரீமியத்தை நிறுத்துவானாயின், அவன் மனைவி மக்களுக்குத் தர்மகர்த்தாவாக நடந்தவன் ஆகான் என்பதே நம் அபிப்பிராயம். தன் பற்றை அறுப்பது எளிது; பிறருடைய பாதுகாப்பை அறுக்க நமக்கு உரிமை உண்டா என்பதைத் தீர யோசிக்க வேண்டும்.

பலனில் பற்று வைப்பதால் வரும் கேட்டை நாம் அனுபவித்தே அறிந்தோம். தொழிலுக்கு வந்த புதிதில், பெரிதும் உழைத்த நில வழக்கொன்றில் தோற்றோம். ஒரு வாரம் எக்காகிதத்தையும் கையால் தொடவில்லை. அந்த வாரத்தில் வேறொரு கட்சிக்காரருடைய அப்பீலுக்குக் காலாவதி கடந்துபோயிற்று. தாமதத்தை மன்னிக்குமாறு மனுப்போட்டுக் கோர்ட்டின் தயவால் தப்பினோம். தோற்ற வழக்கை எண்ணி நாம் பட்ட துக்கத்தின் விலையை, அதில் சம்பந்தமே இல்லாத ஏழை விவசாயி ஒருவர் கொடுத்திருக்க வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். பொறுமையுடன் கேட்டார். பின்பு, வாசகசாலைச் சாவியும் 11 ஆண்டுக் கணக்குப் புத்தகங்களும் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று விசாரித்தோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தம் வீட்டுப் பெட்டியில்தான் இருப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் அந்த இளைஞரிடம் ஒப்புவித்து ரசீது வாங்கிக்கொள்வதாகக் கூறிவிட்டுப் போயிருக்கிறார்.