இயற்கைப் பருத்தி: கையெழுத்துப் போடும் முன்

கலசப்பாக்கம் பக்கம் பருத்தி போடுகிறவர்கள் கேட்பதுண்டு: "தொழுவுரம் போட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்துத்தான் வளர்க்கிறோம். இயற்கைப் பருத்தி விலை ஏன் கிடைக்கல?"

திருப்பூரில் வெறும் பனியன் வாங்கி, தன் பெயரை அச்சடித்து விற்கும் வியாபாரியை நினைத்துப் பாருங்கள். துணியைத் தடவிப் பார்த்து அவரால் இயற்கைப் பருத்தியைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சான்றிதழ் கேட்கிறார். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நூற்பாலை, ஜின்னிங் ஆலை என்று அந்தக் கேள்வி உங்கள் வயல் வரைக்கும் வருகிறது. காட்ஸ் என்னும் உலகத் தரத்தில், 'இயற்கை' முத்திரைக்கு நூற்றுக்கு 95 பங்கு இயற்கை இழை இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? பி.டி. விதை கூடாது. ரசாயன உரத்தையும் மருந்தையும் நிறுத்துங்கள். விதைப்புக்கு முன் பொதுவாக இரண்டு வருஷம் மாறுதல் காலம் உண்டு. விதை ரசீது, போட்ட உரம், எடுத்த பருத்தியின் எடை எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றளிப்புத் துறையில் தனியாகவோ குழுவாகவோ பதியலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டுப் பருத்தி சுமார் 20,000 டன்னுக்குப் போலிச் சான்று கொடுக்கப்பட்டது 2020இல் வெளிவந்தது. அப்படி நடந்தால், நிஜமாகப் பாடுபட்டவன் பருத்தியையும் சந்தேகப்படுவாங்க. ஆகையால், குழுவில் சேர்க்கிறேன் என்று யார் வந்தாலும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீங்க. உங்கள் பெயரில் எத்தனை ஏக்கர், எத்தனை குவிண்டால் என்று வாசிக்கச் சொல்லுங்க. நகல் ஒன்று வாங்கி வையுங்க.