பதினெட்டு முடிந்த மறுநாள்

மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளையின் பேரில் பேங்கில் போட்டு வைத்த பணத்தை, பிள்ளைக்கு 18 வயது முடியும்வரை அப்பாவோ அம்மாவோ காப்பாளராகக் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். வயது முடிந்ததும், கணக்குக்காரரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். பேங்க்காரரைத் திட்டிப் பயனில்லை. சட்டப்படி பிள்ளை இப்போது மேஜர். பெற்றவர் என்பதற்காக மட்டும் அவருக்காக யாரும் கையெழுத்துப் போட முடியாது. பள்ளிக்கூடம் முடிவதும், இலவசக் கல்வி உரிமை முடிவதும், 1098 குழந்தைகள் உதவி எண் பொருந்தாமல் போவதும் அதே வயதில்தான்.

கோலார் தங்கவயலில் இந்த வயது இன்னும் கடினமானது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும்வரை வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாமே கம்பெனியுடையது. நடக்க முடியாத பிள்ளையையும் லைன் குடியிருப்பில் நாலு வீடு பார்த்துக்கொள்ளும். இப்போது அந்த நாலு வீட்டு ஆட்களும் விடியுமுன்பே மரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். அரசு அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் ஊரில் இருப்பது பாட்டியும் அந்தப் பிள்ளையும்தான். கோலாருக்கு ஒருமுறை போய்வர ஒருநாள் கூலி போகிறது. ஆகவே எந்தக் காகிதத்தை முதலில் வாங்குவது என்பது இங்கே பெரிய கேள்வி.

முதலில் மாற்றுத்திறனாளிக்கான யுடிஐடி அடையாள அட்டை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தலசீமியா கூட அதில் உண்டு. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்று டாக்டர் சான்றளித்தால்தான் பென்ஷன், இட ஒதுக்கீடு போன்றவை கிடைக்கும். விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் கிடையாது. ஜெராக்ஸ் கடைக்குத் தருவதைத் தவிர யாராவது காசு கேட்டால் அது புரோக்கர் வேலை. சிறு குழந்தைகளுக்குக் காலவரம்பு வைத்தும் சான்றிதழ் தருவார்கள். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இந்த அட்டை இந்தியா முழுதும் செல்லும். ஆனால் பென்ஷன் மாநிலம் சார்ந்தது. ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ இருக்கும் மாமன் வீட்டு முகவரியைப் போட்டுத் தமிழ்நாட்டுப் பென்ஷன் வாங்கலாம் என்று யோசனை சொல்பவர்களை நம்பினால் இங்கேயும் போகும், அங்கேயும் போகும்.

கர்நாடகத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. கிராமப் பஞ்சாயத்து, நகரசபை, தாலுகா மூன்று நிலையிலும் மறுவாழ்வுப் பணியாளர்கள் உண்டு. வி.ஆர்.டபிள்யூ., யு.ஆர்.டபிள்யூ., எம்.ஆர்.டபிள்யூ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகளில் இருந்தே எடுக்கப்படும் இவர்கள் மதிப்பூதியத்துக்கு வேலை செய்பவர்கள். விண்ணப்பம் நிரப்புவது, பென்ஷன் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, முகாம் எப்போது என்று சொல்வது இவர்கள் வேலை. ராபர்ட்சன்பேட்டை நகரசபையில் போய் யு.ஆர்.டபிள்யூ. யார் என்று கேளுங்கள். உள்ளாட்சிகள் தம் நிதியில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்குச் செலவிட வேண்டும் என்ற அரசு ஆணையும் உண்டு. லைன் வீட்டில் சக்கர நாற்காலி நுழையாத கக்கூஸுக்கு அந்தக் கணக்கில் மனு போடலாம்.

பள்ளி வயதுப் பிள்ளைக்கு 6 முதல் 18 வரை இலவசக் கல்வி உரிமை. பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே ஆசிரியர் வரும் ஏற்பாடு சமக்ர சிக்ஷா கல்வித் திட்டத்தில் இருக்கிறது. வட்டார வள மையத்தில் கேட்க வேண்டும். தங்கவயலுக்கென்றே எழுதியது போல் அந்த 2016 சட்டத்தில் ஒரு வரி உண்டு: தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இவற்றோடு இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் என்று வளரும் ஊரில், கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! கேட்டால்தான் தருவார்கள். "பேச்சு வராத பிள்ளையிடம் தமிழ் பேசாதீர்கள், ஒரே மொழி போதும்" என்று சொல்பவர்களும் உண்டு. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரமில்லை. பாட்டி தமிழில்தான் பேசுவாள், பேசட்டும்.

இனி அந்த 18. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் காப்பாளர் நியமிக்க வழி செய்கிறது. நியமிப்பது உள்ளூர்நிலைக் குழு. மாவட்ட ஆட்சியர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என மூவர் அதில் உண்டு. நமக்குக் கோலார் டிசி ஆபீஸ். கோர்ட்டு, வக்கீல் எதுவும் வேண்டாம். இந்தக் குழு தரும் சான்றிதழைப் பேங்குகள் ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. காப்பாளராகிறவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். அண்ணனோ சித்தப்பாவோ காப்பாளராகி லைன் வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. மோசம் செய்தால் நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இதே நான்கு பிரிவினருக்கு நிராமயா என்ற காப்பீடு ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தருகிறது. தெரபிச் செலவும் அதில் சேரும்.

ஆனால் அவசரப்பட்டு எல்லாருக்கும் காப்பாளர் வாங்கிவிடாதீர்கள். காது கேளாதவருக்கும் நடக்க முடியாதவருக்கும் அது தேவையே இல்லை. தன் பணம், தன் கல்யாணம், தன் ஓட்டு பற்றித் தானே முடிவெடுக்கத் தெரிந்த பிள்ளையிடமிருந்து அந்த உரிமையைப் பிடுங்குவது பாதுகாப்பு ஆகாது.

பெங்களூரில் பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் வேலை செய்பவர்கள் அறிய வேண்டியது ஒன்று. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், உறுப்பினர் இறந்தால் குழந்தைகளுக்கான பென்ஷன் சாதாரணமாக 25 வயதோடு நின்றுவிடும். முழுமையான, நிரந்தரக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்த வயது வரம்பு கிடையாது. பி.எஃப். பதிவில் குடும்ப விவரத்தில் பிள்ளையின் பெயரும் குறைபாடும் ஏறியிருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பிற்பாடு ஓடித் திரிய வேண்டியது அந்தப் பிள்ளையோடு தனியாக நிற்கும் அம்மாதான்.

வீட்டில் தனியாக இருக்கும் பெண் பிள்ளை, ஆண் பிள்ளை இருவருக்குமே பாலியல் ஆபத்து உண்டு, தெரிந்தவர்களிடமிருந்தே வரும். 18க்குள் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம்; குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்தால் தண்டனை கூடும். 18 தாண்டினால், மனவயது ஐந்தாறாக இருந்தாலும் போக்சோ பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. அப்போது பாலியல் வன்முறைக்கான பொதுச் சட்டமும், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 92ஆம் பிரிவும்தான். வீட்டிலேயே அடித்தால், பட்டினி போட்டால் நிர்வாக மாஜிஸ்திரேட்டிடம், அதாவது தாசில்தாரிடம், யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். அக்கம்பக்கத்தார் கூட.

மனு கொடுத்தும் அசையாத அலுவலகத்தின் மேல் பெங்களூரிலுள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். தமிழில் சொன்னதை யாராவது கன்னடத்தில் எழுதித் தரட்டும். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணைய எண் 15100. இரவெல்லாம் தூங்காத பிள்ளையோடு தானும் தூங்காத அம்மாவுக்கு 14416, டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம்.