காத்தலோனியாவின் மலைக் கிராமங்கள்



இன்று நாம் ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில், பிரான்சின் எல்லையை ஒட்டியிருக்கும் காத்தலோனியாவுக்குச் செல்வோம். அங்குள்ளவர்கள் ஸ்பானிய மொழியோடு காத்தலான் என்னும் தங்கள் சொந்த மொழியையும் பேசுகிறார்கள். தலைநகர் பார்சலோனா. காற்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் அந்நகரிலிருந்து காரில் புறப்பட்டு வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் போனால் பெசாலு என்னும் சிற்றூர் வரும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடும்; நம்மவர்களுக்குச் சற்றுத் தலை சுற்றத்தான் செய்யும். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஃப்ளுவியா ஆற்றின் பழைய கற்பாலத்தின் வழியே நடந்து போகலாம். பாலம் நேராக இராது. மடக்கிய முழங்கையைப் போல நடுவில் திரும்பும். ஆற்றுக்குள் பாறை எங்கே கிடைத்ததோ அங்கே தூணை நிறுத்தியதால் வந்த திருப்பம் அது. நடுவில் உள்ள கோபுரத்தில், கடந்து போவோரிடம் சுங்கம் வாங்கினார்கள். வெள்ளம் பலமுறை சேதப்படுத்தியது. 1939இல் உள்நாட்டுப் போரின் முடிவில் அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பின்னர் பழையபடியே கட்டிவிட்டார்கள்.

அடுத்த ஊர் காஸ்தெல்ஃபொயித். சுமார் 50 மீட்டர் உயரக் கருங்குன்றின் விளிம்பில் வீடுகள் வரிசையாக நிற்கும். அந்த வட்டாரம் முழுவதும் எரிமலை நாடு. நாற்பது எரிமலைகள் வரை எண்ணியிருக்கிறார்கள். இன்று அவை அடங்கி, மரம் மூடிக் கிடக்கின்றன. பழங்காலத்தில் வழிந்த எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது வெடித்துத் தூண் தூணாகப் பிளந்தது. பிறகு இரண்டு ஆறுகள் இருபுறமும் அரித்ததால் அந்தக் குன்று நின்றது. வீட்டுச் சுவர்களும் பெரும்பாலும் அதே கல்தான்.

பகல் உணவுக்குச் சாந்தா பாவ் என்னும் ஊருக்குப் போகலாம். எரிமலை மண்ணில் விளையும் சிறிய வெள்ளை அவரை அங்கே பேர்பெற்றது. மாட்டுச் சந்தை கூடிய சதுக்கத்தைச் சுற்றிலும் கல் வளைவுகள். ஒன்றைப் போல் ஒன்று இராது. அருகிலேயே பிரபுவின் கோட்டை.

அந்தக் கோட்டையின் முன் நாம் சற்று நிற்க வேண்டும். இத்தகைய கோட்டைகளின் நிலத்தில் உழைத்தவர்கள் யார்? அவர்களை ரெமென்சா குடியானவர்கள் என்று அழைத்தார்கள். ரெமென்சா என்பது மீட்புப் பணம். பிரபுவின் நிலத்தை விட்டு வெளியேற விரும்பும் குடியானவன், தன்னையே விலை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும்! அது மட்டுமா? பிள்ளையில்லாமல் இறந்தாலும், உயில் எழுதாமல் இறந்தாலும் சொத்தில் பிரபுவுக்குப் பங்கு. குடியிருக்கும் வீடு தீப்பிடித்தால் குடியானவனுக்கே அபராதம். இப்படி ஆறு வழக்கங்கள். அவற்றுக்குத் 'தீய வழக்கங்கள்' என்றே பெயர். பிரபு தன் குடியானவனைக் கொடுமைப்படுத்தினால் அரசன்கூடக் கேட்கலாகாது என்று 1202இல் கூடிய சபை ஒப்புக்கொண்டிருந்தது.

1348இல் கொள்ளை நோய் வந்து ஏராளமானோர் மாண்டனர். வேலைக்கு ஆள் குறைந்தது. ஆள் குறைந்தால் கூலி உயரும் என்று நாம் நினைப்போம். பிரபுக்களோ இருந்தவர்களை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள்.

1462இல் குடியானவர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அவர்களை நடத்தியவர் இதே மலைநாட்டைச் சேர்ந்த ஃபிரான்செஸ்க் வெர்ன்தல்யாட். சிறிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். அரசனுக்கும் பெரிய பிரபுக்களுக்கும் அப்போது பகை இருந்ததால், அவர் அரசன் பக்கம் நின்று போரிட்டார். பத்தாண்டுப் போர் முடிந்தது. அவருக்குப் பட்டம் கிடைத்தது. குடியானவர்களின் கட்டு மட்டும் அவிழவில்லை. 1484இல் பெரே ஜோவான் சாலா என்பவர் தலைமையில் மீண்டும் எழுந்தார்கள். மறு ஆண்டு அவரைப் பார்சலோனாவில் கொன்றார்கள்.

ஆனாலும் அடங்கவில்லை. முடிவில் 1486 ஏப்ரல் 21ஆம் நாள், அரசன் ஃபெர்னாண்டோ குவாதலூப்பே மடத்தில் தீர்ப்பு வழங்கினார். ஆறு தீய வழக்கங்களும் ஒழிந்தன. அதற்கு ஈடாக ஒவ்வொரு பண்ணைக் குடும்பமும் 60 சூ பணம் கட்ட வேண்டும். கலகம் செய்ததற்கு அபராதமும் உண்டு. நில வாரம் நீங்கவில்லை. நம் கருத்தில் இது முழு வெற்றியன்று. ஆனால், போக நினைத்தவன் தன் தட்டுமுட்டுச் சாமான்களோடு போகலாம். இருக்க நினைத்தவன் அந்த நிலத்தைத் தன் பிள்ளைக்கு விட்டுச் செல்லலாம்.

மாலையில் பாஸ் பள்ளத்தாக்கு வழியே காரை மெல்ல ஓட்டினால் வயல்களுக்கு நடுவே தனித்தனியாகக் கல் வீடுகள் தெரியும். அவற்றை மாசியா என்பார்கள். அக்காலத்தில் மேலே ஆட்கள் வாழ, கீழ்த்தளத்தில் மாடுகள் நின்றன. அத்தகைய வீடுகள் பல, அந்தத் தீர்ப்புக்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் குடியானவர்கள் கட்டியவை அல்லது பெரிதாக்கியவை. சிலவற்றில் வாசலின் மேற்கல்லில் ஆண்டையும் வீட்டுக்காரரின் பெயரையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.