பழங்கணினியில் நெகிழ்வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையை அமைத்தல்: ஐ.பி.எம். பி.சி. வகைக் கணினிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

1980களிலும் 1990களிலும் உருவான ஆய்வுத் தரவுகள் பல, பிளாப்பி எனப் பெருவழக்காக அறியப்படும் நெகிழ்வட்டுகளில் தங்கியுள்ளன. அவற்றுள் 5.25 அங்குல வட்டுகளை இன்றைய கணினிகளால் நேரடியாகப் படிக்க இயலாது. அவற்றைப் படிப்பதற்கான வழிகளுள் ஒன்று, அக்காலக் கணினியொன்றைச் சீர்செய்து அதில் நெகிழ்வட்டுக் கட்டுப்பாட்டு அட்டையை முறையாக அமைப்பதாகும். அவ்வட்டையின் செயற்பாடு, அமைக்கும் படிநிலைகள், நேரும் பிழைகள், மூலவட்டுகளைக் காக்கும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நெகிழ்வட்டு, கட்டுப்பாட்டு அட்டை, பழங்கணினி, நாடா வடம், தரவு மீட்பு.

முன்னுரை

ஓலைச்சுவடியைப் படிக்க எழுத்தறிவு போதும். நெகிழ்வட்டைப் படிக்க அதற்குரிய இயந்திரமும் வேண்டும். இயந்திரம் இருந்தும் அது தவறாக அமைக்கப்பட்டிருப்பின், படிக்கும் முயற்சியே மூலத்தை அழித்துவிடக்கூடும். இக்கட்டுரையாளர் தம் முனைவர்பட்ட ஆய்வின்பொருட்டு, பணிநிறைவு பெற்ற பேராசிரியர் ஒருவரிடமிருந்து 11 நெகிழ்வட்டுகளைப் பெற்றார். அவற்றில், தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் அகரவரிசைப்படுத்திய சொல்லடைவு ஒன்று இருந்தது. அச்சுப்படி எதுவும் எஞ்சவில்லை. அவ்வட்டுகளைப் படிக்க முயன்றபோது பெற்ற அறிவும் அடைந்த இழப்புமே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

கட்டுப்பாட்டு அட்டையின் பணி

நெகிழ்வட்டு இயக்ககம் தானாக எதையும் அறிவதில்லை. மின்னோடியைச் சுழற்றுதல், படிதலையை ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்திற்கு நகர்த்துதல், காந்தப்பதிவை மின்துடிப்புகளாக மாற்றுதல் ஆகியவற்றோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. அத்துடிப்புகளைப் பைட்டுகளாகப் பிரித்தறிவதும், பிழை உள்ளதா எனச் சரிபார்ப்பதும், நினைவகத்திற்கு அனுப்புவதும் கட்டுப்பாட்டு அட்டையின் பணிகளாகும்.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் நெகிழ்வட்டு அட்டை, என்.இ.சி. நிறுவனத்தின் 765 என்னும் சில்லை மையமாகக் கொண்டிருந்தது. பின்வந்த ஒத்தியல்புக் கணினிகளும் இச்சில்லின் கட்டளை முறையையே பின்பற்றின. எனவே ஓர் அட்டையைப் பற்றிய அறிவு இவ்வகையின் ஏனைய அட்டைகளுக்கும் பெரிதும் பொருந்தும் எனலாம்.

வட்டு வகைகளும் தரவு வேகமும்

அட்டையைத் தேர்வதற்குமுன் வட்டின் வகையை அறிதல் இன்றியமையாதது. இவ்வகைக் கணினிகளில் ஒரு பிரிவு 512 பைட்டுகளைக் கொள்ளும். இரு பக்கம், பக்கத்திற்கு 40 தடம், தடத்திற்கு 9 பிரிவு எனில் 360 கிலோபைட் கிடைக்கும். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினி, 80 தடமும் 15 பிரிவும் கொண்ட 1.2 மெகாபைட் வட்டை அறிமுகப்படுத்தியது. 3.5 அங்குல வட்டுகளில் 80 தடமும் 9 பிரிவும் உடையது 720 கிலோபைட். 18 பிரிவு உடையது 1.44 மெகாபைட்.

குறையடர்த்தி வட்டுகளுக்கு நொடிக்கு 250 கிலோபிட், மிகையடர்த்தி வட்டுகளுக்கு 500 கிலோபிட் என்பது தரவு வேகம். 1.2 மெகாபைட் இயக்ககம் நிமிடத்திற்கு 300 சுற்றுகளுக்குப் பதிலாக 360 சுற்றுகள் சுழல்கிறது. ஆதலின் அதில் இடப்படும் 360 கிலோபைட் வட்டை 300 கிலோபிட் வேகத்தில் படிக்க வேண்டியுள்ளது. தொடக்ககால எக்ஸ்.டி. வகை அட்டைகள் 250 கிலோபிட் வேகத்தை மட்டுமே அறிந்தவை. அவற்றுடன் மிகையடர்த்தி இயக்ககத்தை இணைத்தால், வடங்கள் யாவும் சரியாக இருப்பினும் வட்டு படிக்கப்படாது. அமைப்போர் பலர் அட்டை பழுதென முடிவுசெய்வது இவ்விடத்திலேயாகும்.

அட்டையின் முகவரி அமைவுகள்

இவ்வகை அட்டைக்கு மூன்று வளங்கள் மரபாக ஒதுக்கப்பட்டுள்ளன. முதலாவது, பதினறும எண்ணில் 3எஃப்0 முதல் 3எஃப்7 வரையிலான உள்ளீட்டு-வெளியீட்டு முகவரிகள். இரண்டாவது, குறுக்கீட்டுத் தடம் 6. மூன்றாவது, நேரடி நினைவக அணுகலுக்கான தடம் 2. அட்டையிலுள்ள ஜம்பர்களை இம்மதிப்புகளுக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும்.

ஒரே முகவரியில் இரண்டு அட்டைகள் இருத்தல் கூடாது. ஏ.டி. வகைக் கணினிகளில் வன்வட்டு அட்டையிலேயே நெகிழ்வட்டுக் கட்டுப்பாடும் இணைந்திருப்பது வழக்கம். புதிய அட்டையைச் செருகுமுன், பழைய அட்டையின் நெகிழ்வட்டுப் பகுதியை அதற்குரிய ஜம்பர் வழியாகச் செயலிழக்கச் செய்ய வேண்டும். அல்லது புதிய அட்டையை 370 எனத் தொடங்கும் இரண்டாம் முகவரிக்கு மாற்ற வேண்டும். இரண்டாம் முகவரியிலுள்ள அட்டையைக் கணினியின் பயாஸ் தானாகக் கண்டுகொள்ளாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

எக்ஸ்.டி. கணினியில் மிகையடர்த்தி இயக்ககத்தைப் பயன்படுத்த விரும்பினால், தனக்கென நிலைநினைவகச் சில்லுடைய அட்டையே பொருத்தமானது. கணினி தொடங்கும்போது அதன் பயாஸ், சி8000 முகவரியிலிருந்து 2 கிலோபைட் இடைவெளியில் நினைவகத்தைத் தேடி, 55, ஏஏ என்னும் இரு அடையாளப் பைட்டுகள் உள்ள இடத்திலிருக்கும் நிரலை இயக்குகிறது. சி8000 முகவரியை வன்வட்டு அட்டை பெரும்பாலும் எடுத்துக்கொள்வதால், நெகிழ்வட்டு அட்டையின் நிலைநினைவகத்தை வேறு முகவரிக்கு நகர்த்த வேண்டும். 1982 அக்டோபர் 27 என நாளிட்ட பயாஸுக்கு முந்தைய ஐ.பி.எம். பி.சி.களில் இத்தேடல் இல்லை; அவற்றில் பயாஸ் சில்லையே மாற்ற வேண்டியிருக்கும்.

இயக்ககங்களின் எண்ணிக்கையையும் கணினிக்குத் தெரிவிக்க வேண்டும். பி.சி., எக்ஸ்.டி. ஆகியவற்றில் தாய்ப்பலகையிலுள்ள சிறு நிலைமாற்றிகளில் 7, 8 ஆம் எண்கள் இதற்குரியன. ஏ.டி.யில் மின்கலத்தால் காக்கப்படும் அமைவு நினைவகத்தில் இயக்ககத்தின் வகையைப் பதிய வேண்டும். அம்மின்கலம் வற்றிய கணினியில் ஒவ்வொரு முறையும் இதனை மீளச் செய்தாக வேண்டும்.

வடமும் இறுதித் தடையும்

அட்டையையும் இயக்ககத்தையும் 34 கம்பிகள் கொண்ட நாடா வடம் இணைக்கிறது. ஒற்றைப்படைக் கம்பிகள் தரையிணைப்புகள். இரட்டைப்படைக் கம்பிகள் சைகைகளைக் கொண்டுசெல்வன. ஓரத்தில் வண்ணக் கோடிட்ட கம்பி முதலாவதாகும்.

வடத்தின் நடுவே 10 முதல் 16 வரையிலான ஏழு கம்பிகள் மட்டும் முறுக்கித் தலைகீழாக்கப்பட்டிருக்கும். இயக்ககத் தேர்வுக்கும் மின்னோடிக்குமுரிய சைகைகள் இதனால் இடம் மாறுகின்றன. ஆகவே இரு இயக்ககங்களையும் இரண்டாம் இயக்ககம் என ஒரேவகையாக ஜம்பரிட்டு, முறுக்குக்கு அப்பால் வட முனையில் உள்ளதை 'ஏ' எனவும், முறுக்குக்கு முன்னுள்ளதைப் 'பி' எனவும் கொள்ளலாம். 5.25 அங்குல இயக்ககங்களில் உள்ள இறுதித் தடைத்தொகுதி, வட முனையிலுள்ள இயக்ககத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும். இரண்டிலும் இருப்பின் சைகைக் கம்பிகளின்மேல் சுமை இரட்டிக்கும். எதிலும் இல்லையெனில் சைகை எதிரொலித்துப் பிழைகள் தோன்றும்.

தலைகீழாகச் செருகிய வடம்: ஓர் இழப்பு

கட்டுப்பாட்டு அட்டையின் செருகுமுனையில் திசைகாட்டும் காப்பு இல்லாத நிலையில் வடத்தைத் தலைகீழாகச் செருகிவிட முடியும். அவ்வாறு செருகினால் அட்டையின் தரையிணைப்புகள் யாவும் இயக்ககத்தின் சைகைக் கம்பிகளோடு இணைந்துவிடும். இவ்விடைமுகத்தில் சைகைகள் தாழ்மின்னழுத்தத்திலேயே செயற்படுகின்றன. எனவே 'உன்னைத் தேர்ந்தேன்', 'சுழல்க', 'எழுதுக' என்னும் கட்டளைகள் அனைத்தும் ஒருங்கே, இடைவிடாது இயக்ககத்தைச் சென்றடைகின்றன. விளக்கு அணையாது எரிவது இதன் அடையாளம். மின்சுற்றுகள் பெரும்பாலும் சேதமடைவதில்லை. ஆனால் அந்நிலையில் எழுத்துக்காப்பு இல்லாத வட்டை இட்டால், தலை நிற்கும் தடத்திலுள்ள பதிவு அழியும்.

இக்கட்டுரையாளருக்கு நேர்ந்ததும் இதுவே. விளக்கு எரிவதைக் கண்டும், கணினி வட்டைத் தேடுகிறது எனக் கருதி, 11 வட்டுகளுள் முதலாவதை அதில் இட்டார். தலை முதல் தடத்தில் நின்றது; பக்கத்தேர்வுக் கம்பியும் தாழ்ந்திருந்ததால் வட்டின் இரண்டாம் பக்கம் தேர்வாகியிருந்தது. 360 கிலோபைட் வட்டில் தொடக்கப் பிரிவும் கோப்புப் பங்கீட்டு அட்டவணையும் முதற்பக்கத்தில் அமைவதால் அவை தப்பின. இரண்டாம் பக்கத்து முதல் தடத்தில் பெயர்ப்பட்டியலின் கடைசி 3 பிரிவுகளும், அவற்றையடுத்துத் தரவின் முதல் 6 பிரிவுகளும் அமைகின்றன. அவ்வட்டில் முதற்கோப்பு அங்கேயே தொடங்கியது. 6 பிரிவுகள் என்பன 3,072 பைட்டுகள். சொல்லடைவின் அகர முதற்சொற்கள் அவற்றோடு மறைந்தன. வட்டை அளித்த பேராசிரியரிடம் இதனைக் கூறியபோது, அப்பகுதியை மீண்டும் தொகுத்துத் தருவதாக அவர் சொன்னார். எனினும் அவர் முன்பு தொகுத்த வடிவம் இனிக் கிடைக்கப்போவதில்லை.

பாதுகாப்பான சோதனை வரிசை

மேற்கண்ட பட்டறிவின் அடிப்படையில் பின்வரும் வரிசை பரிந்துரைக்கப்படுகிறது.

1. மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்த பின்னரே அட்டையைச் செருகவோ எடுக்கவோ வேண்டும். கணினியின் உலோகக் கூட்டைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிக்கொள்ள வேண்டும்.

2. முதல் முறை மின்னூட்டும்போது இயக்ககத்தில் வட்டு இருத்தல் கூடாது. விளக்கு சிறிது நேரம் எரிந்து அணைதல் வேண்டும். அணையாவிடில் வடத்தின் திசையை நோக்க வேண்டும். திரையில் 601 என்னும் எண் தோன்றின், ஐ.பி.எம். கணினிகளில் அது நெகிழ்வட்டுப் பிழையைக் குறிக்கும்.

3. இழந்தாலும் கவலையில்லாத வெற்று வட்டை இட்டு வடிவமைத்து, கோப்பை எழுதி, மீளப் படித்து ஒப்பிட வேண்டும்.

4. வேறொரு வட்டை மாற்றியிட்டுக் கோப்புப் பட்டியலைக் காண வேண்டும். முந்தைய வட்டின் பட்டியலே மீண்டும் தோன்றினால், 34ஆம் கம்பியில் வரவேண்டிய வட்டுமாற்றச் சைகை கிடைக்கவில்லை என்பது பொருள். இந்நிலையில் எழுதுவது, ஒரு வட்டின் அட்டவணையை மற்றொன்றின்மேல் பதித்து இரண்டாவதைக் குலைத்துவிடும்.

5. மூலவட்டுகள் அனைத்திற்கும் எழுத்துக்காப்பு இட வேண்டும். 5.25 அங்குல வட்டின் ஓரவெட்டை ஒளிபுகாத ஒட்டுத்தாளால் மூட வேண்டும்; 3.5 அங்குல வட்டிலோ துளையைத் திறந்து வைக்க வேண்டும். இக்காப்பை இயக்ககத்தின் மின்சுற்றே மதிப்பதால், அட்டையோ வடமோ தவறினாலும் அழிவு நேராது.

6. பூஞ்சை படர்ந்த வட்டை அப்படியே இடுதல் கூடாது. அது தலையை மாசாக்கி அடுத்த வட்டையும் கீறிவிடும்.

7. கோப்புகளைத் தனித்தனியே படியெடுப்பதினும் வட்டு முழுவதையும் பிரிவு பிரிவாகப் படிமமாக்குதலே சிறந்தது. டாஸ் இயங்குதளத்தில் செயற்படும் இமேஜ்டிஸ்க் என்னும் மென்பொருள் கட்டுப்பாட்டுச் சில்லை நேரடியாக இயக்கி இதனைச் செய்கிறது.

இவ்வரிசையைப் பின்பற்றியபின் எஞ்சிய 10 வட்டுகளுள் 9 முழுமையாகப் படிக்கப்பட்டன. ஒன்றில் மட்டும் இரண்டு பிரிவுகள் சரிபார்ப்புப் பிழை காட்டின. இயக்ககத்தின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் அவற்றுள் ஒன்று மீண்டது.

முடிவுரை

கட்டுப்பாட்டு அட்டையை அமைத்தல் என்பது முகவரி, வேகம், வடம், இயக்ககத் தேர்வு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்வதாகும். இவற்றுள் ஒன்று தவறினாலும் வட்டு படிக்கப்படாது. வடம் தவறினால் வட்டே அழியக்கூடும். வட்டிலிருந்து பைட்டுகளை மீட்பது முதற்படியே. 1999ஆம் ஆண்டின் தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தாம், தாப் குறியாக்கங்கள் வருவதற்கு முன்னரும், பின்னர் ஒருங்குறி பரவும் வரையிலும் தமிழ்க் கோப்புகள் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் அமைந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதல் தனி ஆய்வுக்குரியது.

துறை நூலகங்களிலும் ஆசிரியர்களின் இல்லங்களிலும் இன்னும் நெகிழ்வட்டுகள் இருக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர், படிக்கும் கருவி கிடைக்கும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. எழுத்துக்காப்பு இடுதலே அது. ஒரு சிறு ஒட்டுத்தாள் இருந்திருப்பின் அச்சொல்லடைவின் அகரம் இழக்கப்பட்டிருக்காது.