மாடு போச்சு, புல் வரலை

நியூ மெக்ஸிகோவுக்குப் படிக்க வந்த புதுசுல ஊர் ஞாபகத்தைக் கிளப்பினது ஒரு முள்மரம்தான் மக்களே. பேரு மெஸ்கீட். நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளி. அங்கே அது வெளியூர்க்காரன், இங்கே இது உள்ளூர்க்காரன். ஆனா ரெண்டு ஊர்லயும் வாங்குற திட்டு ஒண்ணுதான்!

பக்கத்துல ஹோர்னாடா ஆய்வு நிலம் இருக்கு. 1858 நில அளவைக் குறிப்புகளின்படி அங்கே 90 சதவீதத்துக்கும் மேல் நல்ல புல்வெளி. 1963-ல் 25 சதவீதம்கூட இல்லை.

நடுவுல என்னாச்சு? அளவில்லாம மாடு மேய்ச்சாங்க, கூடவே வறட்சியும் வந்துச்சு. மாடு புல்லைக் கடிச்சுது. மெஸ்கீட் காயையும் தின்னு, போற இடமெல்லாம் சாணியோட விதை போட்டுச்சு. புல் இருந்தாத்தான் காட்டுத்தீ பரவி முள்கன்றைக் கருக்கும். அந்தக் காவலும் போச்சு.

சரி, வேலி போட்டு மாட்டைத் தடுத்தா புல் திரும்பிடுமே? நானும் அப்படித்தான் நெனச்சேன். பல இடங்களில் பத்துப் பத்து வருஷமா வேலி நின்னும் வரலை. வெறுந்தரை மண்ணைக் காத்து வாரிட்டுப் போய் மெஸ்கீட் அடியில் மேடாக் குவிச்சிடுச்சு. சத்தும் அங்கேயே போயிடுச்சு. மிச்ச இடத்துல விழுற புல்விதை வேர் பிடிக்கறதில்லை.

எங்க தாத்தா ஆட்டை ஒரே மேட்டுல தொடர்ந்து மேய விடமாட்டார். "புல்லு மூச்சு வாங்கட்டும்டா"ம்பார். சோம்பேறித்தனம்னு சிரிச்சிருக்கேன். மேய்ச்சல் தப்பில்லை, எப்ப நிறுத்தணும்னு தெரியாததுதான் தப்பு. அந்த நேரம் தாண்டிட்டா மாட்டை ஓட்டிவிட்டும் பிரயோஜனமில்லை.