ஆப் போகும், பாட்காஸ்ட் இருக்கும்: தனி டெவலப்பர்கள் மைக் பிடிப்பது ஏன்?

2013 ஏப்ரல் 25. அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணி. ஆப்பிள் ஆண்டுதோறும் நடத்தும் டெவலப்பர் மாநாடான டபிள்யூடபிள்யூடிசிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியது. விலை 1,599 டாலர். 2 நிமிடம்கூட ஆகவில்லை, அத்தனையும் காலி. தட்கலுக்காக ஃபோனில் விரலை வைத்துக் காத்திருந்து ஏமாந்தவர்களுக்கு அந்தக் கொதிப்பு புரியும். அடுத்த வருடம் ஆப்பிள் குலுக்கல் முறைக்கே மாறிவிட்டது.

இத்தனைக்கும், முதல் நாள் உரையை நெட்டிலேயே சும்மா பார்க்கலாம். அப்புறம் எதற்கு இவ்வளவு அடிதடி?

அங்கே 'லேப்' என்று ஒன்று உண்டு. வாரக்கணக்கில் மண்டையைக் குடைந்த பிரச்சினையோடு போனால், அந்தத் துறையில் வேலை செய்யும் ஆப்பிள் இன்ஜினீயரே பக்கத்தில் உட்கார்ந்து கோடைப் பார்ப்பார். அதைவிடப் பெரிய விஷயம், வராந்தா. வருடம் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆப் எழுதுபவருக்குத் தன் கஷ்டம் புரிகிற ஆள் கிடைப்பது அந்த ஒரு வாரம்தான். டிக்கெட் கிடைக்காதவர்கள்கூட சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம் ஏறினார்கள். பக்கத்திலேயே 'ஆல்ட்கான்ஃப்' என்ற இலவச மாநாடு நடந்தது.

ஆனால் மாநாட்டு மேடை தனி டெவலப்பருக்கு எப்போதுமே கொஞ்சம் திகில்தான். நம்ம ஆப் செய்கிற வேலையை ஆப்பிளே இலவசமாக அறிவித்துவிட்டால்? இதற்கு 'ஷெர்லாக்' ஆவது என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 2002-ல் ஆப்பிளின் ஷெர்லாக் 3, 'வாட்சன்' என்ற சிறிய நிறுவனத்து மென்பொருளின் வேலைகளை எடுத்துக்கொண்டதிலிருந்து வந்த சொல்.

மார்கோ ஆர்மென்டுக்கும் இது நடந்தது. டம்ப்ளரின் ஆரம்பகால டெவலப்பர். கட்டுரைகளைச் சேமித்து வைத்துப் பிறகு படிக்க உதவும் இன்ஸ்டாபேப்பரை 2008-ல் கொண்டுவந்தவர். 2011 மாநாட்டு மேடையில் சஃபாரிக்குள்ளேயே 'ரீடிங் லிஸ்ட்' அறிமுகமானது. இன்ஸ்டாபேப்பர் தப்பித்துக்கொண்டது, 2013-ல் பெரும்பங்கை அவர் விற்றுவிட்டார்.

அதே வருடம் நண்பர்கள் இருவரோடு கார்களைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தார். பதிவு முடிந்த பிறகும் மூவரும் டெக் விஷயங்களை அரட்டை அடித்துக்கொண்டே இருந்தார்கள். கார் நிகழ்ச்சி நின்றது. அரட்டை 'ஆக்சிடென்டல் டெக் பாட்காஸ்ட்' ஆனது. மூன்று பேர் 2 மணி நேரம் மேக்புக் கீபோர்டைத் திட்டுவதை யார் கேட்பார்கள்? கேட்டார்கள். பணமும் கட்டினார்கள். 2014-ல் ஓவர்காஸ்ட் என்ற பாட்காஸ்ட் ஆப்பையும் ஆர்மென்ட் வெளியிட்டார், இந்தமுறை ஆப்பிளின் சொந்த ஆப் களத்தில் இருப்பது தெரிந்தே.

யாரிடமும் அனுமதி வேண்டாம்

பாட்காஸ்ட்டின் சூட்சுமம் ஆர்எஸ்எஸ். ஆடியோ ஃபைல்கள் ஒரு சர்வரில் இருக்கும். அவற்றின் பட்டியல் இன்னொரு சின்ன ஃபைலில் இருக்கும். அந்த முகவரி தெரிந்தால் போதும், எந்த ஆப்பும் புது எபிசோடை எடுத்துக்கொள்ளும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பெரும்பாலும் முகவரிப் புத்தகம் மாதிரிதான். அதில் இடம் இல்லை என்றாலும் நிகழ்ச்சி சாகாது. ஸ்பாட்டிஃபை சில நிகழ்ச்சிகளைத் தன் ஆப்புக்குள் மட்டும் பூட்டிப் பார்த்தது. யூடியூப் பக்கம் சாயும் வீடியோ பாட்காஸ்ட்களுக்கும் இந்தச் சுதந்திரம் குறைவு. எனவே இது பழைய, அலங்காரமில்லாத ஆடியோவுக்கான பெருமை.

ஆப்களுக்கு இந்த வசதி இல்லை. ரெடிட்டைப் படிப்பதற்கான 'அப்போலோ' ஆப்பை உருவாக்கியவர் கிறிஸ்டியன் செலிக். 2023-ல் ரெடிட் தன் தரவுக்கு விலை வைத்தது. தன் ஆப்புக்கு வருடம் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்த ஜூன் 5 அன்று ஆப்பிளின் மாநாட்டு உரையில் அப்போலோ திரையில் வந்தது. 3 நாள் கழித்து, ஆப்பை மூடுவதாக செலிக் அறிவித்தார். ஜூன் 30 கடைசி நாள். பயனர்களிடம் குறை இல்லை, கோடிலும் குறை இல்லை.

காலியான நாற்காலி

2020-ல் கரோனாவால் மாநாடு ஆன்லைனுக்கு மாறியது. எல்லோருக்கும் இலவசம், வீடியோக்களும் கச்சிதம். 1,599 டாலர் கொடுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய கதவு. ஆனால் வராந்தா போய்விட்டது. அந்த இடத்தை ஓரளவுக்கு நிரப்புவது பாட்காஸ்ட்கள்தான். 'ஓரளவுக்கு' என்றால், அங்கே கேட்கத்தான் முடியும், குறுக்கே பேச முடியாது. பேசுவதும் பெரும்பாலும் அதே சில குரல்கள்.

மாநாட்டு வாரத்தில் ஜான் க்ரூபர் பார்வையாளர்கள் முன் பதிவுசெய்யும் 'தி டாக் ஷோ'வுக்கு, 2015-ல் ஆப்பிளின் ஃபில் ஷில்லர் திடீர் விருந்தினராக வந்தார். அதன்பின் வருடாவருடம் ஆப்பிளின் பெரிய தலைகள் வந்தார்கள். 2025 மார்ச்சில், சிரி தாமதம் பற்றி ஆப்பிளைக் கடுமையாக விமர்சித்து க்ரூபர் எழுதினார். ஜூனில் ஆப்பிளிலிருந்து யாரும் வரவில்லை. சான் ஹோசே கலிஃபோர்னியா தியேட்டரில் நிகழ்ச்சி நடந்தது. மேடையில் ஜோனா ஸ்டெர்ன், நிலாய் படேல் என்று இரண்டு டெக் பத்திரிகையாளர்கள். எபிசோட் வழக்கம்போல கேட்பவர்களின் ஃபோனுக்கு வந்து சேர்ந்தது.